மீதி அரைக் கார்

ஜூன் 2, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். நோட்டு வாங்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் தினமும் பழுதாகிற தாள்களின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. இந்தத் தாளின் மறுபக்கத்தில் யாருடைய ரேஷன் கார்டோ பாதி கறுப்பாக விழுந்திருக்கிறது. குடும்பத் தலைவரின் மூக்கு வரைக்கும்தான் தெரிகிறது.

என் பெயர் கௌசிகா. வயது பதினேழு. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. யாராவது ஏன் என்று கேட்டால், கணக்கு வரவில்லை என்று அம்மா சொல்லிவிடுவாள். நான் தலையாட்டுவேன்.

தாராபுரத்தில் ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே மெகருன்னிசா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் வேலை. இந்த வேலையில் பேசத் தேவையில்லை. தாளை நீட்டுவார்கள், எத்தனை என்று விரலைக் காட்டுவார்கள். நான் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவேன். காசு வரும். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டபோது என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

அக்காவின் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். "கண்ணாடிக்கு அடியில என்ன போனாலும் கண்ணு பாக்கலாம், வாயி பேசக்கூடாது கண்ணு." எனக்கென்றே போட்ட சட்டம் மாதிரி இருக்கிறது.

ஜூன் 4, புதன்

அப்பா கார் வாங்கப் போகிறார்.

அப்பா நாச்சிமுத்து ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் போய் அன்றைக்கு மட்டும் ஓட்டிக்கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் காரைத் துடைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறார். அம்மா பிளவுஸ் தைத்துக் கட்டிய ஏலச்சீட்டு போன மாதம் ஒரு லட்சமாகக் கைக்கு வந்தது. அதை முன்பணமாகப் போட்டு ஒரு பழைய டாக்ஸி வாங்கிச் சொந்தமாக ஓட்டுவது என்று முடிவு. மீதிக்கு ஃபைனான்ஸ்.

"வாங்கற வண்டி நல்லதா இருக்கோணுமுங்க," என்றாள் அம்மா.

"வண்டியப் பத்தி எனக்குச் சொல்றயா புள்ள? சத்தத்தக் கேட்டே எத்தன பேரு ஓட்டிருக்காங்கன்னு சொல்லீருவேன்."

ஜூன் 5, வியாழன்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஒரு பிரதிகூட எடுக்கவில்லை. நல்ல நாள்.

ஜூன் 7, சனி

அப்பா இன்று எங்கும் போகவில்லை. சனிக்கிழமை இரும்பு வாங்கமாட்டார். பார்ப்பதற்கு மட்டும் போகலாமே என்று அம்மா சொன்னதற்கு, ஆசையோடு பார்ப்பதும் வாங்குவதில் பாதி என்றார். மதியம் அம்மா தைத்த பிளவுசுக்கு ஊக்கு வாங்கப் போகவேண்டியிருந்தது. ஊக்கும் இரும்புதான் என்று அதுவும் இல்லை. அம்மா பிளவுசை நூலால் முடிந்து கொடுத்தனுப்பினாள்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று பேரும் உடுமலை ரோட்டில் உள்ள செல்வவிருத்தி கார்ஸுக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு பழைய கார்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் எலுமிச்சம்பழம். முதலாளி பெயர் லோகநாதன். லோகு என்று கூப்பிடச் சொன்னார். வெள்ளைச் சட்டை, விரல்களில் நான்கு மோதிரம். அப்பாவைப் பார்த்த நிமிடத்திலேயே அண்ணன் ஆக்கிக்கொண்டார்.

அப்பா ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் விடவில்லை. டாக்டர் மாதிரி பானட்டில் காது வைத்தார். புகைக்குழாயில் விரலை விட்டு மோந்து பார்த்தார். அடியில் படுத்தார். ஒரு கட்டத்தில் கால் மட்டும்தான் தெரிந்தது. லோகு அந்தக் காலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களுக்குன்னே வெச்சிருந்தனுங். நேத்துகூட ஒருத்தரு கேட்டாரு, குடுக்கலீங்."

கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

கடைசியில் அப்பா எழுந்து, "இன்ஜின் தங்கம். ரெண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் அடம். பழகிக்கும்," என்றார். விலை மூன்று லட்சத்து இருபதாயிரம். நம்மிடம் ஒரு லட்சம். மீதிக் கடனையும் லோகுவே ஏற்பாடு செய்கிறார்.

"மாசம் வெறும் ஆறாயிரத்து ஐநூறுங்ணா. ஒரு நாளைக்கு எவ்வளவு? இருநூத்துச் சொச்சம். ஒரு வாடகை போனீங்கன்னா ரெண்டு நாளு காசு வந்துருது!"

"எத்தன வருசமுங்க?" என்று அம்மா கேட்டாள்.

"மூணு, நாலு வருசம் ஓடறதே தெரியாதுங்கக்கா."

நான் அந்தப் பதிலைக் கவனித்தேன். ஓடறது தெரியாது என்றாரே தவிர, முடியும் என்று சொல்லவில்லை. அப்பா கவனிக்கவில்லை. காருக்கு மூன்று மணி நேரம், காகிதத்துக்கு மூன்று நொடி. அட்வான்ஸ் ஐயாயிரம் கொடுத்தார். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து.

நான் எதிலும் படாமல் ஒரு பச்சைக் காருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கிளம்பும்போது லோகு, "பாப்பா எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

ஜூன் 9, திங்கள்

லோகு இன்று எங்கள் கடைக்கு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. இது எனக்குப் பழக்கம்தான். பத்தாவதில் வகுப்பு போட்டோவில் நான் இருந்தேன் என்பதை டீச்சரே நம்பவில்லை.

ஒப்பந்தத் தாள்களை நீட்டிவிட்டு போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "மாப்ள, டிரைவருங்க தங்கமான பார்ட்டிடா. இன்ஜினத்தான் கேப்பாங்க. பேப்பரு நீட்டுனா பேனா எங்கன்னுதான் கேப்பாங்க. வட்டி எடத்தக் காலியா வுடு, கையெழுத்து ஆகட்டும், அப்பறம் எழுதிக்கலாம்."

முதல் பிரதி எல்லாப் பக்கமும் மங்கலாக விழுந்தது. பழுதான தாள்கள் என்று ஓரமாக வைத்தேன். இரண்டாவது சரியாக வந்தது. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். காசைக் கொடுத்து, என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

இரவு எழுத உட்கார்ந்து தாளைத் திருப்பினேன். மேலே பென்சிலில் "நாச்சிமுத்து, வெள்ளை" என்று இருக்கிறது. இதோ, இதன் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். மங்கல் என்றாலும் படிக்க முடிகிறது. கடன் தொகை இரண்டு லட்சத்து இருபதாயிரம். வட்டி என்ற இடத்தில் ஒன்றுமில்லை. தவணை ஆறாயிரத்து ஐநூறு. தவணைகளின் எண்ணிக்கை அறுபது.

அறுபது மாதம் என்றால் ஐந்து வருடம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆறாயிரத்து ஐநூறை அறுபதால் பெருக்கினேன். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். முன்பணம் ஒரு லட்சத்தையும் சேர்த்தால் நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரம். கார் விலை மூன்று இருபது. வகுத்தும் பார்த்தேன். ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

அதாவது நாங்கள் ஒன்றரைக் காருக்குக் காசு கொடுக்கப் போகிறோம். ஒரு கார் வாசலில் நிற்கும். மீதி அரைக் கார் எங்கே நிற்கும்?

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இடையில் பணம் கிடைத்து மொத்தமாகக் கட்டினாலும் அறுபது மாத வட்டியையும் கட்டவேண்டுமாம். இரண்டு தவணை தவறினால் வண்டியை எடுத்துப் போய்விடுவார்களாம். அப்போது அம்மாவின் ஒரு லட்சமும் அதோடு போகும்.

கணக்கில் எண்பத்தொன்பது வாங்கினேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 11, புதன்

அப்பாவிடம் சொல்ல முயன்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, காரின் பின்கண்ணாடியில் அம்மா பெயரை எழுதுவதா என் பெயரை எழுதுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதி அவருடைய டிபன் பாக்ஸுக்குள் வைத்தேன். மாலை டிபன் பாக்ஸ் காலியாக வந்தது. "அம்மிணி, கை தொடைக்கறதுக்குக் காயிதம் வெச்சயே, கெட்டிக்காரி," என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தாமலே, "நான் சொன்னா சண்டைன்னு நெனப்பாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு, நீதான் எதுவுமே சொல்லமாட்டயே," என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மெகருன்னிசா அக்காவுக்குத் தாளைக் காட்டிவிட்டுச் சட்டத்தை மீறியதற்காக அழுதுவிட்டேன். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"உங்கப்பன் பேரு போட்ட தாளுக்கு எங்கடைச் சட்டம் செல்லாது கண்ணு. ஆமா, பேங்க்ல கேக்கலையா? பழைய வண்டிக்கும் குடுக்கறாங்களே! ஏழெட்டு காயிதம் கேப்பாங்க, பத்து நாளு அலைய வுடுவாங்க. அதுக்குச் சோம்பல்பட்டுத்தான் இவனுங்ககிட்ட வந்து விழுகறாங்க."

மதியம் அக்கா போன் போட்டு விசாரித்தார். வருடத்துக்கு நூற்றுக்குப் பதினொன்று வட்டி. மாதாமாதம் கட்டக் கட்ட, மீதி இருக்கிற கடனுக்கு மட்டும்தான் வட்டி. நாற்பத்தெட்டு மாதம், மாதம் ஐயாயிரத்து எழுநூறு. பெருக்கினால் இரண்டு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு.

வித்தியாசம் ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூறு. இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டேன்.

நாளைக்குக் கையெழுத்து.

ஜூன் 13, வெள்ளி

காலை பத்து மணிக்கு அப்பாவும் லோகுவும் கடைக்கே வந்துவிட்டார்கள். அப்பாவின் ஆதார், பான் கார்டு, லைசென்ஸ் எல்லாம் இரண்டு பிரதி வேண்டும். ஒப்பந்தத்தை லோகு எங்கள் மேசை மேலேயே விரித்துப் பேனாவையும் திறந்து வைத்துவிட்டார்.

"பத்தரைக்கு ராகுகாலங்ணா. அதுக்குள்ள போட்டுரோணும். நல்ல நேரத்த வுட்டுட்டா வண்டி வௌங்காதுங்."

"அம்மிணி, வெரசா எடு," என்றார் அப்பா. "பிரதியும் கையெழுத்தும் ஒண்ணாத்தான் ஆகோணும்."

லோகு என்னைப் பார்த்தார். "அட, இது உங்க பொண்ணுங்களா? எப்ப வந்துச்சு?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் பேச என்னால் முடியாது. ஆனால் அப்பாவை நிறுத்தக்கூடிய ஒருவர் இருக்கிறார். ராகு. இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடுவார். அதுவரைக்கும் நான் தாக்குப்பிடித்தால் போதும்.

தாள் வைக்கிற தட்டை வெளியே இழுத்தேன். தாள் கட்டைத் தட்டி அடுக்கினேன். ஒரு ஓரத்தை மடித்து உள்ளே வைத்தேன். பொத்தானை அமுக்கினேன். மிஷின் முனகியது, நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கக் கதவைத் திறந்து சிக்கிய தாளைப் பூ பறிப்பதைப்போல எடுத்தேன். மூடினேன். மறுபடி சிக்கியது. இந்தக் கடையில் ஒரு வருடத்தில் என்னிடம் தாள் சிக்கியதே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், பிறகு கவனமாகக் காதைக் குடைந்துகொள்ள ஆரம்பித்தார்.

பத்து இருபது. லோகு மோதிரங்களைத் திருகினார். "என்ன பாப்பா, மறுபடி சிக்கிருச்சா?"

சிக்கிய தாளை விரித்து நீவி அவருக்குக் காட்டினேன். அதனால் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது.

பத்து இருபத்தெட்டு. லோகு பக்கத்துக் கடைக்கு ஓடினார். அங்கே கூட்டம். திரும்பி ஓடி வந்தார். "அண்ணா, கையெழுத்த மட்டும் போடுங், பிரதி பொறவு எடுத்துக்கலாம்!" அப்பா பேனாவை எடுத்தார். சுவரில் இருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தொன்று. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இனி ஆகாதுங்க."

"பன்னண்டுக்கு மேல போடலாமுங்ணா."

"பன்னண்டுக்கு அட்டமி பொறந்துருது. நாளைக்குச் சனி. நாளானைக்கு நவமி. திங்கக்கெழம ஒம்பதுக்கு மேல வாறனுங்க."

"அண்ணா! இந்தக் காலத்துல போயி ராகுகாலம், அட்டமின்னுட்டு! அதெல்லாம் மூடநம்பிக்கைங்ணா!"

அப்பா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால் ராகுகாலத்தைச் சொன்னதே அவர்தானே.

அவர்கள் போனதும் மிஷின் முதல் தடவையிலேயே தாளைத் துப்பியது. அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 14, சனி

இரும்பு வாங்காத நாள். அப்பா வீட்டில்தான் இருந்தார்.

கணக்கை எழுதிக் காட்டினால் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் பெட்ரோல் என்று எழுதினேன். "ஒரு வண்டிக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போடுகிறோம். ஓட ஓடக் குறைகிறது, கட்டக் கட்டக் கடன் குறைகிற மாதிரி. பேங்க், டேங்கில் மீதி எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மட்டும் வாடகை கேட்கிறது. லோகு, கடைசிச் சொட்டு வரைக்கும் முழு டேங்குக்கே வாடகை கேட்கிறார்." கீழே இரண்டு மொத்தத் தொகைகளையும் எழுதினேன். டிபன் பாக்ஸில் வைக்காமல் கையிலேயே கொடுத்தேன்.

அப்பா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு எழுந்து போய், ஒரு காரணமும் இல்லாமல் அம்மாவின் பழைய மொபெட்டை ஸ்டார்ட் செய்து, சும்மா அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து, "மிஷினுல தாளு நெசமாவே சிக்குச்சா அம்மிணி?" என்றார்.

நான் வாசல் பெருக்கப் போனேன். 

ஜூன் 16, திங்கள்

ஒன்பதுக்கு மேல் போனோம். லோகு கடையில் வேறு நான்கைந்து பேர் கார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒப்பந்தம் வந்தது. பேனா வந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் ஒன்று புரிந்தது. எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். இன்ஜின் தவிர வேறு எதைப்பற்றியும் அப்பாவால் வெளி ஆட்களிடம் பேச முடியாது.

லோகு பேனாவை அப்பாவின் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

"மீதி அரைக் கார் எங்கீங்க?"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

"என்ன பாப்பா?" என்றார் லோகு.

"ஆறாயிரத்து ஐநூறு, அறுபது மாசம். முன்பணத்தோட நாலு லட்சத்தித் தொண்ணூறாயிரமுங்க. அதுக்கு ஒன்னரைக் காரு வருதுங்க. இங்க ஒண்ணுதான் நிக்குது." குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது. "வட்டி எடம் ஏனுங்க காலியா இருக்குது?"

பச்சைக் காரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் தன் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

லோகு என்னை உற்றுப் பார்த்தார். "ஜெராக்ஸ் பாப்பா!" என்றார். முதல் தடவையாக அடையாளம் தெரிந்துவிட்டது.

அப்பா பேனாவை வைத்தார். "நாங்க பேங்க்ல கடன் வாங்கிக்கறமுங்க. அதே வெல, அதே வண்டி."

"அப்படீன்னா வெல மூணு அம்பதுங். மூணு இருவது எங்க ஃபைனான்சுக்கு மட்டுந்தான். வேண்டாமுன்னா போங்க. அட்வான்ஸ் திரும்ப வராதுங்."

நான் இன்னொரு வாக்கியம் தேடினேன், தீர்ந்துவிட்டது. அப்பா சண்டை போடவில்லை. எழுந்து வெளியே போனார். பச்சைக் காரின் பானட்டில் காதை வைத்தார்.

"இதெ ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார் அந்த ஆளிடம். கேட்டார். தலையை ஆட்டினார். "இன்ஜினுக்குள்ள கேஸ்கெட் போயிருச்சுங்க. ஒரு மாசந்தான் ஓடும்."

அடுத்தது சிவப்புக் கார். "இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி. கம்பளத்தத் தூக்கி மோந்து பாருங்க."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அப்பாவுக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். அடுத்தது சாம்பல் நிறம். அப்பா காதை வைக்கக் குனிந்தார்.

"அண்ணா!" லோகு ஓடி வந்தார். "அண்ணா, உள்ள வாங்க. டீ ஆறுது. மூணு இருவதுதானுங்ணா, நானென்ன வேறயா சொன்னேன்? பேங்க்ல வாங்கிக்குங்க. பத்து நாளென்ன, இருவது நாளு வெச்சிருக்கறேன்!"

"எழுதிக் குடுங்க," என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். "காலி எடம் இருக்குதான்னு பாரு அம்மிணி."

பார்த்தேன். ஒன்றும் காலியாக இல்லை. லோகு கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பேங்க்கில் ஒன்பது காகிதம் கேட்டார்கள். அக்கா எட்டுக்குக் காசு வாங்கவில்லை. ஒன்பதாவதற்கு மட்டும் வாங்கினார், இல்லையென்றால் கடை படுத்துவிடுமாம்.

ஜூலை 4, வெள்ளி

கார் வந்துவிட்டது. பத்தரைக்கு முன்னால். மாதம் ஐயாயிரத்து எழுநூறு, நாற்பத்தெட்டு மாதம். பின்கண்ணாடியில் எந்தப் பெயரும் எழுதவில்லை. அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம்.

வாசலில் ஒரே ஒரு கார்தான் நிற்கிறது. முழுக் கார்.

ஜூலை 7, திங்கள்

காலையில் அப்பா என்னைக் காரிலேயே கடைக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் ஊர்க்கோடியில் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. டவுன் பஸ் அங்கே தானாக நிற்காது. யாராவது "நிறுத்துங்க" என்று கத்தினால்தான் நிற்கும். பத்தாவது வரைக்கும் கூட வந்த பெண்கள் கத்தினார்கள். அவர்கள் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறியதும், பதினொன்றாவதில் முதல் வாரம் முழுக்க நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். அந்த வாரத்தோடு பள்ளிக்கூடம் நின்றது, ஊருக்குச் சொல்ல மட்டும் கணக்கு வராமல் போய்விட்டது.

பள்ளி தெரிந்ததும் அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை.

"எங்க நிறுத்தோணுமின்னு நீதான் சொல்லோணும்," என்றார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

வாசல் அருகில் வந்தது. மெதுவாகச் சொன்னேன்.

"கேக்குல. இன்ஜின் சத்தம்."

அந்த இன்ஜினில் சத்தமே இல்லை. தங்கம் என்று அவர்தான் சொன்னார்.

"நிறுத்துங்க!"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அடித்த பிரேக்கில் காரின் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து என் மடியில் விழுந்தது.

பள்ளிக்குள் போனோம். பதினொன்றாம் வகுப்பில் மறுபடி சேர இதை நிரப்பினால் போதும் என்று ஒரு சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்தார்கள். கடையில் அதை ஒரு பிரதி எடுத்து வைத்தேன். ஓரம் மடங்கவில்லை, மங்கவில்லை, கறுப்பும் விழவில்லை. பழுதில்லாத தாள் என்பதால் அதன் பின்பக்கத்தில் இதை எழுத முடியாது. முன்பக்கத்தில் மட்டும் என் பெயரை எழுதியிருக்கிறேன்.